கனகதாஸ் ஆண்ட ஐம்பத்தைந்து நிமிடம்

எங்கள் ராஜா ஒரு நாளைக்குப் பதினாறு தடவை வெளிநாடு போய்வருவார். சர்க்கரைக்காரர், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். நான் சிரித்தும் முடித்துவிட்டேன், கோபப்பட்டும் முடித்துவிட்டேன். இனி நடந்ததை நடந்த வரிசையில் சொல்வது மட்டும்தான் பாக்கி. இருபத்தொன்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவன் நான். ஸ்டாப் மாற்றி யாரையும் இறக்கியது கிடையாது.

உதியன்குளங்கரையிலிருந்து பாறசாலைக்குப் போகிற வழியில், கிழக்கே திரும்பினால் ஒரு நீண்ட மதில் வரும். அதுதான் புன்னவிளாகம் கொட்டாரம். கொட்டாரம் என்றால் அரண்மனை. பார்த்தால் ஓடு மாற்றாத ஒரு பழைய வீடு, பாசி பிடித்த ஒரு குளம், ஒரு குடும்பக் கோயில், மிச்சமெல்லாம் ரப்பர். மொத்தம் பதினோரு ஏக்கர். ரோட்டைப் பார்த்து ஆனை நுழையும் உயரத்தில் ஒரு வாசல் உண்டு. ஆனை செத்து நாற்பது வருஷமாகிறது. நாட்டில் ராஜாக்களையெல்லாம் அரசாங்கம் எப்போதோ ஒழித்துவிட்டது. புன்னவிளாகத்தை மட்டும் ஒழிக்கவில்லை, ஏனென்றால் அப்படி ஒரு ராஜ்யம் இருப்பதே அரசாங்கத்துக்குத் தெரியாது. நிலம் ஒரு டிரஸ்டின் பெயரில் இருக்கிறது. டிரஸ்டின் தலைவர்தான் தம்புரான், அதாவது எங்கள் ராஜா. கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனுஷன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

என் வீடு கொட்டாரத்துக்கு நேர் பின்னால். என் முற்றத்தில் நின்றால் கொட்டார மதிலின் பெரிய பின்கதவு தெரியும், அது திறந்திருந்தால் உள்முற்றம் தெரியும், அதற்கு அப்பால் ஆனைவாசல், அதற்கு அப்பால் ரோடு. நேராக நடந்தால் அறுபதே எட்டில் ரோடு. நேராக நடக்கக் கூடாது, அது ராஜ்யம். எங்களுக்கென்று மதிலைச் சுற்றி மூன்றடி அகலத்தில் ஒரு நடவழி உண்டு. அது நானூற்றுப் பத்து எட்டு. நான் எண்ணியிருக்கிறேன், எண்ண வேண்டிய அவசியம் வந்தது.

என் மனைவி புஷ்பபாய்க்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி நெய்யாற்றின்கரையில் டயாலிசிஸ். நடவழியில் ஆட்டோ வராது. ஆகவே பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்காரவைத்து, முன்னால் ஆட்டோக்காரன் பிரதீஷும் பின்னால் நானுமாக ரோடுவரை தூக்கிக்கொண்டு போவோம். எனக்கு வயது அறுபத்தேழு. வழியில் மூன்று இடத்தில் இறக்கி வைப்போம். அவள் முகத்தில் துவர்த்துத் துண்டைப் போட்டு மூடிக்கொள்வாள். வெயிலுக்கு என்று சொல்லுவாள். மழை நாளிலும் மூடிக்கொள்வாள்.

வார்டு மெம்பர் ஷீனா இதை ஒருநாள் பார்த்துவிட்டு, கொட்டாரம் நான்கடி விட்டுக்கொடுத்தால் பஞ்சாயத்தில் சொல்லிக் காங்கிரீட் வழி போட்டுத் தருவதாகச் சொன்னாள். தம்புரானின் ஒப்பும் கொட்டாரத்தின் முத்திரையும் உள்ள சம்மதக் கடிதம் ஒன்று வேண்டும். மார்ச் முப்பத்தொன்றுக்குள் கிடைத்தால் வழி, இல்லையென்றால் அந்தப் பணம் திரும்பிப்போய்விடும். இது அக்டோபரில். ஆறு மாதம் இருக்கிறதே, ஒரு கையெழுத்துக்கு எத்தனை நேரம் ஆகும் என்று நினைத்தேன். கடிதத்தை டைப் அடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கொட்டாரம் முகப்புக்குப் போனேன்.

முகப்பில் ஒரு பெஞ்சு உண்டு. அதற்குப் பக்கத்தில் மேசை போட்டுக் காரியஸ்தர் சதாசிவன் இருப்பார். ரிஜிஸ்டர் ஆபீசில் முப்பது வருஷம் இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு ரிஜிஸ்டர் ஆபீஸ் இல்லாமல் இருக்க முடியாமல் இங்கே வந்து சேர்ந்தவர். தம்புரான் வெளிநாட்டில் இருப்பதாகச் சொன்னார். தம்புரானின் மகள் லேகா மெல்பர்னில் இருப்பது எனக்குத் தெரியும். எப்போது திரும்புவார் என்று கேட்டேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஐந்தோ பத்தோ நிமிஷத்தில் என்றார்.

நான் புரியாமல் நின்றதைப் பார்த்து இரக்கப்பட்டு விளக்கினார். கொட்டாரத்துக்கு ஒரு பழைய சாசனம் உண்டு. அதில் பதினான்காவது பிரிவு: அரசர் எல்லைக்கல்லைத் தாண்டினால், தாண்டிய நிமிஷம் முதல் ரீஜன்ட் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். ரீஜன்ட் என்றால் பதில் ராஜா. முன்பெல்லாம் தம்புரான் மார்த்தாண்டத்தில் பல் பிடுங்கப் போகும்போதும், பொழியூருக்கு மீன் வாங்கப் போகும்போதும்தான் இது நடக்கும், மாதத்துக்கு நாலைந்து தடவை. போன வருஷம் டிஜிட்டல் சர்வேக்காரர்கள் வந்து அளந்ததில் ஒரு விஷயம் வெளியே வந்தது. கிழக்கு அறையை ஒட்டித் தம்புரானுக்காகப் புதிதாகக் கட்டிய பாத்ரூம், மகள் லேகாவுக்கு எழுதிக்கொடுத்த துண்டு நிலத்தில் நிற்கிறது. டிரஸ்ட் நிலமில்லை. அதாவது ராஜ்யமில்லை.

பாத்ரூம் எப்படி வெளிநாடாகும் சாரே, அதுவும் இந்தியாதானே என்று கேட்டுவிட்டேன்.

"சாசனத்துல இந்தியான்னு ஒரு வார்த்தை இல்ல, கனகதாஸே," என்றார் சதாசிவன். "கல்லுக்கு இந்தப்பக்கம் ராஜ்யம், அந்தப்பக்கம் பரதேசம். லண்டனுக்குப் போனாலும் செரி, கக்கூசுக்குப் போனாலும் செரி, தாண்டினா தாண்டினதாக்கும்."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே சங்கு ஊதியது. ஊத ஆள் இல்லாததால் புளூடூத் ஸ்பீக்கரில் வைத்திருக்கிறார்கள். முதலில் ஏதோ விளம்பரம் வந்து, பிறகு சங்கு வந்தது. தம்புரான் திரும்பிவிட்டார் என்று நான் எழுந்தேன். சதாசிவன் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

ரீஜன்டிடம் ஆட்சியைக் கொடுப்பது ஒரு நிமிஷ வேலை. தட்டில் முத்திரையும் வாசல் சாவியும், கையில் வெண்குடை, அவ்வளவுதான். திருப்பி வாங்குவதுதான் நீளம். முத்திரையை ஏழு தடவை கழுவ வேண்டும், குடையை விரித்து மடக்க வேண்டும், அரசர் இல்லாத காலத்தில் நாட்டில் நடந்ததையெல்லாம் ரீஜன்ட் வாசிக்க வேண்டும், அதைக் காரியஸ்தர் நாள்வழிப் புத்தகத்தில் எழுத வேண்டும், பிறகு சத்தியப்பிரமாணம். நாற்பது நிமிஷம் ஆகும். அது முடிகிறவரை ரீஜன்ட்தான் ராஜா. தம்புரானால் அரைமணி நேரத்துக்குமேல் அடக்க முடியாது. சடங்கு முக்கால்வாசி ஆகும்போது எழுந்து ஓடிவிடுவார். எல்லை தாண்டியதைச் சொல்ல மறுபடி மணி, மறுபடி தட்டு.

நான் பெஞ்சில் உட்கார்ந்து விரல்விட்டுக் கணக்குப் பார்த்தேன். அப்படிப் பார்த்தால் சர்வே முடிந்த நாளிலிருந்து எங்கள் ராஜா ஒரு நிமிஷம்கூட ஆளவில்லை. சதாசிவனிடம் சொன்னேன். அவர் அதிர்ச்சியெல்லாம் அடையவில்லை. ஆட்சி தடங்கலில்லாமல் நடப்பதுதான் முக்கியம், யார் நடத்துகிறார் என்பது இரண்டாம் விஷயம் என்றார்.

ரீஜன்ட் அப்போது தீபு, தம்புரானின் மருமகன் முறை. உதியன்குளங்கரையில் மொபைல் கடை வைத்திருந்தவன். குடையை மடியில் வைத்துக்கொண்டு யாரோ ஒருவருடைய போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தான். கடிதத்தை நீட்டினேன். ரீஜன்டுக்கு நிலத்தைத் தொட அதிகாரமில்லை, விளக்கு வைக்கலாம், வணக்கம் வாங்கலாம், வாசலைத் திறக்கலாம், அடைக்கலாம் என்றான். அப்படியானால் வாரத்துக்கு மூன்று நாள் வாசலைத் திறந்துவிட்டால் போதும் மக்கா, ஆட்டோ முற்றம் வழியாக வந்து அவளை ஏற்றிக்கொண்டு போகட்டும் என்றேன். தீபு போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் வெறும் ரீஜன்டாக்கும் மாமா. அடுத்தவருக்க வாசல். வெறுதே எதுக்கு வம்பு?"

நவம்பர், டிசம்பர், ஜனவரி இப்படிப் போயிற்று. டயாலிசிஸ் இல்லாத நாளெல்லாம் ஒன்பது மணிக்குப் பெஞ்சுக்குப் போவேன், ஐந்து மணிக்கு எழுந்து வருவேன். தம்புரான் என்னைக் கடந்துதான் கிழக்கு அறைக்குப் போவார். போகும்போதெல்லாம் நின்று புஷ்பத்துக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பார். தனக்கு ஒரு எதிர்ப்பும் இல்லை, ஜனங்களுக்காகத்தானே இந்த நாற்காலி என்பார். சொல்லும்போதே கால் மாற்றி மாற்றி நிற்பார். பாவம், அதற்குமேல் அவரை நிறுத்திவைக்க எனக்கு மனசு வராது. ஒருநாள் சடங்கை இருபது நிமிஷமாகச் சுருக்கக் கூடாதா என்று சதாசிவனிடம் கேட்டேன். சுருக்கலாம், அதற்கு அரசரின் உத்தரவு வேண்டும், அரசரிடம் முத்திரை இல்லை என்றார். பாத்ரூம் நிலத்தை லேகாவிடமிருந்து திருப்பி எழுதி வாங்கக் கூடாதா என்று இன்னொரு நாள் கேட்டேன். அது இரண்டு நாடுகளுக்கு இடையிலான விஷயம் என்றார்.

வீட்டில் புஷ்பபாய் என்னவாயிற்று என்று கேட்பதை ஜனவரியோடு நிறுத்திக்கொண்டாள். பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை நாற்காலியின் கால் ஒன்று மதிலில் இடித்து உடைந்தது. அவள் விழவில்லை, பிரதீஷ் பிடித்துக்கொண்டான். துவர்த்துக்கு உள்ளேயிருந்து, "இனி போவாண்டாம் ஜிஜாக்க அப்பா," என்றாள். ஜிஜா எங்கள் மகள், பஹ்ரைனில் நர்ஸ். எனக்கு அழுகை வரவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வேறு நாற்காலி வாங்கினேன்.

மார்ச் முப்பத்தொன்று செவ்வாய்க்கிழமை. பதினொன்றரைக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். கடைசி நாளாயிற்றே என்று பத்து மணிக்கு ஒரு தடவை பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டு வரப் போனேன். பிரதீஷ் ரோட்டில் ஆட்டோவை நிறுத்திக் காத்திருந்தான்.

அன்று முகப்பில் சதாசிவனைத் தவிர யாருமில்லை. தீபுவுக்குக் கடையில் கணக்கெடுப்பு, காலையில் தம்புரான் தூங்கும்போதே சாவியையும் குடையையும் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். எல்லை தாண்டினால் ரீஜன்ட் ரீஜன்ட் இல்லை. மற்ற வாரிசுகள் எல்லாரும் நிஜமான வெளிநாட்டில். பத்து ஐந்துக்குத் தம்புரான் வேகமாக என்னைக் கடந்து கிழக்கு அறைக்குள் போனார். மணி அடித்தது. சதாசிவன் வெளிறிப்போய் சாசனத்தைப் புரட்டினார். கடைசிப் பக்கத்துக்கு வந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

குடும்பத்தார் ஒருவரும் இல்லாத பட்சம், அவ்வேளையில் முகப்பில் இருக்கும் பிரஜைகளில் மூத்தவர்.

முகப்பில் இருந்த பிரஜைகளில் மூத்தவன் நான். இளையவனும் நான்தான். சதாசிவன் சட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்று கும்பிட்டார். அதுவரை அவர் எனக்காக எழுந்ததில்லை. சங்கு ஊதியது. தட்டை நீட்டினார். ஒரு பித்தளை முத்திரை, ஒரு சாவி. குடை என் கைக்கு வந்தது. அதில் கரையான் அரித்த வாடை வந்தது.

முதலில் நான் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தேன். சதாசிவன் என் கையைத் தொடாமல் தட்டை மட்டும் சற்றுப் பின்னால் இழுத்தார். நிலக் காகிதத்தில் முத்திரை வைக்கும் ரீஜன்டுக்குத் தண்டனை நாடு கடத்தல் என்றார். மதிலுக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள். என் வீடு அங்கேதான் இருக்கிறது என்றேன். அதுவும் சரிதான் என்பதுபோல் யோசித்தார். ஆனால் தம்புரானின் ஒப்பு இல்லாமல் முத்திரையை மட்டும் பஞ்சாயத்து எடுத்துக்கொள்ளாது. அது எனக்கும் தெரியும்.

அப்போது பாத்ரூமுக்குள்ளிருந்து தம்புரானின் குரல் வந்தது. "கனகதாஸே, எனக்கு ஒரு எதிர்ப்பும் இல்ல, கேட்டியா."

"பரதேசத்துல இருந்து சொல்லுதது செல்லாது, திருமேனி," என்று சதாசிவன் கதவைப் பார்த்துப் பணிவாகச் சொன்னார்.

மணி பத்து பத்து. நான் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தேன். சாவியை எடுத்துச் சதாசிவனிடம் கொடுத்தேன். ஆனைவாசலைத் திறக்கச் சொன்னேன், பின்கதவையும்.

எதற்கு என்று கேட்டார். உத்தரவு என்றேன். அந்த வார்த்தையை என் ஆயுசில் அதற்கு முன்பு சொன்னதில்லை, பிறகும் சொன்னதில்லை. அவர் மறுபேச்சில்லாமல் போய்த் திறந்தார். அவரை நான் ஒரு விஷயத்தில் குறை சொல்லவே மாட்டேன், விதி என்றால் விதிதான் அவருக்கு. துருப்பிடித்த கதவு கீறிக்கொண்டு திறந்தது. பிரதீஷுக்குப் போன் செய்து உள்ளே வாலே என்றேன். அவன் நம்பவில்லை, இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. ஆட்டோ முற்றத்தின் குறுக்கே குளத்தைச் சுற்றிப் பின்கதவு வழியாக என் வீட்டு வாசலில் போய் நின்றது. கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருஷத்தில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்த முதல் வண்டி அது.

என்னால் அவளோடு போக முடியவில்லை. ரீஜன்ட் எல்லையைத் தாண்டினால் ஆட்சி போய்விடும், ஆட்சி போனால் வாசலை அடைத்துவிடுவார்கள். அதனால் ஆனைவாசலில் குடையோடு நின்றேன். ஆட்டோ வந்தது. என் பக்கத்தில் பிரதீஷ் வண்டியை மெதுவாக்கினான். புஷ்பபாய் பின்சீட்டில் நேராக உட்கார்ந்திருந்தாள். துவர்த்து மடியில் கிடந்தது. அவள் முதலில் குடையைப் பார்த்தாள், பிறகு ரோட்டைப் பார்த்தாள்.

"ரோடு இம்புட்டுப் பக்கத்துலயா இருந்துது?"

ஆட்டோவின் கூரையில் இரண்டு தட்டுத் தட்டினேன். பழைய கண்டக்டர் பழக்கம், இரண்டு மணி அடித்தால் வண்டி போகலாம். போயிற்று.

சாயங்காலம் நாலு மணிக்கு அவள் திரும்பி வருவாள். அதுவரை நான் ராஜாவாக இருந்தால் போதும் என்று எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கஷ்டமே இல்லை. தம்புரான் வெளியே வருவார், சடங்கு தொடங்கும், அரைமணியில் ஓடுவார், நான் தொடர்வேன். ஆறு மாதமாக நான் பார்த்துக்கொண்டிருப்பது அதைத்தானே. குடையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

பத்து இருபதுக்குத் தம்புரான் வெளியே வந்தார். திறந்து கிடந்த வாசலைப் பார்த்தார். முற்றத்தில் ஆட்டோவின் டயர் தடத்தைப் பார்த்தார். முகம் கோபப்படவில்லை, பயந்தது. சதாசிவனை அழைத்து ஏதோ சொன்னார். சடங்கு தொடங்கியது. முத்திரையை ஏழு தடவை கழுவினார்கள். குடையை விரித்து மடக்கினார்கள். என்னை வாசிக்கச் சொன்னார்கள். நான் நேரத்தைக் கடத்துவதற்காகப் பஸ் ரூட் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். பத்து ஐம்பது ஆயிற்று. தம்புரான் எழவில்லை. நெற்றியில் வியர்வை வழிந்தது, நாற்காலியின் கையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துவிட்டன, காலை மாற்றி மாற்றிப் போட்டார். எழவில்லை. பத்து ஐம்பத்தைந்து. ஆறு மாதமாக ஒரு தடவைகூட முடியாதது அன்றைக்கு முடிந்தது. அவர் அடக்கிக்கொண்டார். சரியாகப் பதினோரு மணிக்குச் சத்தியப்பிரமாணம் செய்து முத்திரையைக் கையில் வாங்கினார்.

"வாசலை அடைக்கச் சொல்லு," என்றார். அதுதான் அவருடைய உத்தரவு.

அவர் இப்போது ராஜா, முத்திரை அவர் கையில், அன்று மார்ச் முப்பத்தொன்று. நான் கடிதத்தை நீட்டினேன். ஆமாம் ஆமாம், தா என்று வாங்கினார். பேனாவின் மூடியைக்கூடத் திறந்துவிட்டார். பிறகு கடிதத்தையும் பேனாவையும் மேசையில் போட்டுவிட்டுக் கிழக்கு அறைக்கு ஓடினார். மணி அடித்தது. அதற்குள் சதாசிவன் போன் செய்து தீபுவை வரவழைத்திருந்தார். அவன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே தட்டை வாங்கிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் பிரதீஷும் நானும் அவளை நாற்காலியில் வைத்து நானூற்றுப் பத்து எட்டும் தூக்கிக்கொண்டு வந்தோம். அவள் துவர்த்தால் மூடிக்கொண்டாள்.

ஜூன் மாதம் இரண்டாவது சனிக்கிழமை புஷ்பபாய் இறந்தாள். நல்ல மழை. சர்ச் சபையிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். மூன்றடி வழியில் இரண்டு பக்கமும் ஆள் நின்று பெட்டியைத் தூக்க முடியாது. அதனால் சாய்த்துப் பிடித்து, முன்னால் ஒருவரும் பின்னால் இரண்டு பேருமாகக் கொண்டுபோனார்கள். கொட்டாரத்திலிருந்து ஒரு மலர்வளையம் வந்தது. அட்டையில் 'ரீஜன்ட்' என்று எழுதியிருந்தது.

ஆகஸ்டில் ஒருநாள் வேறு வேலையில்லாமல் மறுபடியும் பெஞ்சுக்குப் போனேன். நாள்வழிப் புத்தகத்தில் என்னைப்பற்றி என்ன எழுதியிருக்கிறது, பார்க்கலாமா என்று கேட்டேன். முன்னாள் ரீஜன்டுகளுக்கு அந்த உரிமை உண்டாம், சதாசிவன் உடனே எடுத்துக்கொடுத்தார். நல்ல கையெழுத்து. தேதி, நேரம் பத்து ஐந்து முதல் பதினொன்று வரை, ரீஜன்ட்: கனகதாஸ், பிரஜை. அதற்குக் கீழே: குறிப்பிடத்தக்க நிகழ்வு எதுவுமில்லை.

நான் அதை இரண்டு தடவை வாசித்தேன். பிறகு, கீழே ஒரு வரி இடம் இருக்கிறதே சாரே, ஒரு ஆட்டோ போனது என்று சேர்க்க முடியுமா என்று கேட்டேன். அதிலே இருந்த ஆள் பேரும் வேண்டும் என்றேன்.

சதாசிவன் புத்தகத்தை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி மூடினார். திருத்தம் செய்ய அரசரின் உத்தரவு வேண்டும் என்றார். குரலில் இரக்கம் இருந்தது.

"தம்புரான் இப்பம் வெளிநாட்டிலயாக்கும், கனகதாஸே. இருங்க, வந்திருவாரு."

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன்.